23505 வந்தால் அடுத்த வேலை யாருடையது? டேட்டாபேஸ் பிழைகளைப் பிரித்துக் கையாளும் முறை

கல்யாண மண்டபங்களுக்கான முன்பதிவு மென்பொருள் எழுதுவது என் தொழில். பைத்தானில் எழுதிய நிரல், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரே முகூர்த்த நாளுக்கு ஒரே மண்டபத்தை இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஒருவர் கவுன்டரில் நிற்பார், இன்னொருவர் போனில் இருப்பார், மூன்றாமவர் ஆப்பில் விரலை வைத்திருப்பார். அந்த நொடியில் டேட்டாபேஸ் திருப்பி அனுப்பும் பிழையை நிரல் சரியாகப் படிக்காவிட்டால், ஒரு குடும்பத்தின் கல்யாணத் தேதியே கை நழுவிப்போகும்.

ஆனால் பெரும்பாலான நிரல்களில் நான் காண்பது ஒரே ஒரு பிடிப்பு: எந்த எக்ஸப்ஷன் (ஓடும்போது எறியப்படும் பிழை) வந்தாலும் பிடி, "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று காட்டு. தேதி வேறொருவருக்குப் போய்விட்டது என்றாலும் இதே வாசகம், சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்றாலும் இதே வாசகம். தேதியை இழந்தவர் எத்தனை முறை அழுத்தினாலும் அது திரும்பக் கிடைக்கப்போவதில்லை. அவருக்கு வேறு தேதியைக் காட்ட வேண்டும். டிஸ்க் நிறைந்திருந்தால் வாடிக்கையாளரால் ஆவது ஒன்றுமில்லை. சர்வரைப் பார்ப்பவரைத்தான் எழுப்ப வேண்டும்.

எனவே பிழையைப் பிடிக்கும் இடத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து யார் செயல்பட வேண்டும்? வாடிக்கையாளரா, நிரலே மறுபடி முயல வேண்டுமா, சர்வரைப் பார்ப்பவரா, நிரலை எழுதிய நாமா? இந்த நான்கில் ஒன்றைச் சொல்ல முடிகிற அளவுக்குப் பிழையைப் பிரித்தால் போதும். போஸ்ட்கிரெஸ் கையேட்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான குறியீடுகளுக்கும் தனித்தனிக் கிளை எழுதத் தேவையில்லை.

வாசகத்தைத் தேடாதீர்கள்

பிழை வாசகத்தில் "டூப்ளிகேட்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடும் நிரல்களை இன்னும் பார்க்கிறேன். அந்த வாசகம் மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டது. போஸ்ட்கிரெஸில் எல்சி_மெசேஜஸ் என்ற அமைப்பை மாற்றினால் அது பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வரும். மொழி மாறாவிட்டாலும் பதிப்பு மாறும்போது வாசகம் மாறலாம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் 8.0.19 பதிப்பில் இரட்டைப் பதிவுப் பிழையின் வாசகத்தில் இன்டெக்ஸ் பெயருக்கு முன்னால் டேபிள் பெயரும் சேர்ந்தது. அந்த வாசகத்தை வெட்டி இன்டெக்ஸ் பெயரை எடுத்துக்கொண்டிருந்த நிரலுக்கு அன்றோடு பெயர் பொருந்தாமல் போயிருக்கும்.

நிரல் படிக்க வேண்டியது எஸ்க்யூஎல்ஸ்டேட் என்ற ஐந்தெழுத்துக் குறியீட்டை. தலைப்பில் உள்ள 23505 அப்படி ஒன்று. முதல் இரண்டு எழுத்து பிழையின் இனம், மற்ற மூன்றும் அந்த இனத்துக்குள் எது என்பது. இனம் 23 என்றால் தரவு விதி மீறல். 40 என்றால் டேட்டாபேஸே, முழுதாகப் பதிவாகவோ முழுதாகத் திரும்பவோ வேண்டிய வேலைத் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷனை ரத்து செய்துவிட்டது. 08 இணைப்புக் கோளாறு. 53 வளப் பற்றாக்குறை: 53100 டிஸ்க் நிறைந்தது, 53300 இணைப்புகளின் எண்ணிக்கை எல்லை மீறியது. 42 என்றால் நம் எஸ்க்யூஎல்லிலேயே தவறு: இல்லாத டேபிளைக் கேட்டால் 42பி01, இல்லாத நெடுவரிசையைக் கேட்டால் 42703. குறியீட்டின் நடுவில் வருவது ஆங்கில எழுத்து 'பி' (P) என்பதால், அதை எண்ணாக மாற்றாமல் எழுத்துச் சரமாகவே வைத்து ஒப்பிடுங்கள்.

பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸைத் தொடும் நூலகமான சைகோபிஜி 3 பயன்படுத்தினால் எக்ஸப்ஷனின் எஸ்க்யூஎல்ஸ்டேட் பண்பிலேயே இது கிடைக்கும். பழைய சைகோபிஜி 2-இல் பிஜிகோட் என்ற பெயரில் இருக்கும். எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற நூலகம் நடுவில் இருந்தால் அது தன் இன்டெக்ரிட்டி எர்ரருக்குள் மூலப் பிழையைப் பொதிந்து தரும். ஓரிஜ் என்ற பண்பில் அதை எடுக்கலாம். ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தில் எக்ஸப்ஷனின் காஸ் பண்பைத் தொடர வேண்டும். ஜாவாக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விதி மீறலுக்கென்று ஜாவாவின் டேட்டாபேஸ் இடைமுகமான ஜேடிபிசி 4.0-இல் தனி எக்ஸப்ஷன் வகுப்பு வந்தது உண்மைதான், ஆனால் போஸ்ட்கிரெஸின் டிரைவர் அதை எறிவதில்லை, தன் சொந்த வகுப்பைத்தான் எறிகிறது. வகுப்பின் பெயரை நம்பிப் பிடித்தால் பிழை அந்த வலையில் விழாமல் நேராக மேலே போய்விடும். அங்கேயும் எஸ்க்யூஎல்ஸ்டேட்டைக் கேட்பதே பத்திரம்.

ஒரே 23505, நான்கு அர்த்தம்

குறியீட்டைப் படித்ததும் வேலை முடிந்தது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். என் கணக்கில் பாதிதான் முடிந்திருக்கிறது.

23505 என்றால் ஒரே மதிப்பு இரண்டாம் முறை வந்திருக்கிறது. எந்த மதிப்பு? எங்கள் மென்பொருளில் ஒரு முன்பதிவைச் சேமிக்கும்போது இந்தக் குறியீடு நான்கு இடங்களிலிருந்து வரலாம். நான்குக்கும் பதில் வேறு.

வாடிக்கையாளரின் கைபேசி எண் ஏற்கனவே இருந்தால் அது சாதாரண விஷயம். போன வருடம் மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்தவர் இப்போது இளையவளுக்கு வந்திருக்கிறார். "இந்த எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் தொடரலாமா?" என்று கேட்டால் போதும்.

ரசீது எண் இரட்டித்தால் வாடிக்கையாளருக்கு அதில் பங்கே இல்லை. எண்ணை உருவாக்கியது நம் நிரல். புது எண் எடுத்து மறுபடி முயல வேண்டும். அடிக்கடி நடந்தால் எண் உருவாக்கும் முறையையே மாற்ற வேண்டும்.

முதன்மைச் சாவி, அதாவது பிரைமரி கீ இரட்டித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே. யாரோ பழைய தரவை ஐடியோடு சேர்த்து இறக்குமதி செய்திருக்கிறார்கள், ஐடி தரும் சீக்வென்ஸ் முன்னே நகராமல் பின்தங்கி நிற்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் அது ஓர் எண் நகரும், ஆனால் பல்லாயிரம் வரிகளைக் கடக்கும்வரை எல்லாமே தோற்கும். இதை மறுமுயற்சியில் விடக்கூடாது. நமக்கே நேராக எச்சரிக்கை வர வேண்டும்; செட்வால் கொண்டு சீக்வென்ஸைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும்.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: கோரிக்கை ஐடி. ஆப்பில் "உறுதி செய்" பொத்தானைக் காட்டும்போதே ஒரு யூயூஐடி (வேறெங்கும் இரட்டிக்காத அடையாளக் குறி) உருவாக்கி, முன்பதிவோடு சேர்த்து அனுப்புகிறோம். அந்த நெடுவரிசைக்கு யூனிக் விதி, அதாவது மதிப்பு இரட்டிக்கக் கூடாது என்ற விதி, உண்டு. இதில் 23505 வந்தால் அது தோல்வியே அல்ல. முதல் முறை அழுத்தியதே பதிவாகிவிட்டது, பதில்தான் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஏற்கனவே இருக்கும் முன்பதிவை எடுத்து, வெற்றி என்றே காட்ட வேண்டும்.

இந்த நான்கையும் பிரிப்பது விதியின் பெயர். போஸ்ட்கிரெஸ் 9.3-இலிருந்து, அதாவது 2013 முதல், பிழையோடு கன்ஸ்ட்ரெய்ன்ட் (விதி) பெயர், டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் ஆகியவை தனித்தனிப் புலங்களாக வருகின்றன. சைகோபிஜியில் டயக் என்ற பொருளுக்குள் கன்ஸ்ட்ரெய்ன்ட்_நேம் என்று இருக்கும். நோட் ஜேஎஸ்ஸின் பிஜி நூலகத்தில் பிழைப்பொருளின் கன்ஸ்ட்ரெய்ன்ட் பண்பு. கோ மொழியில் எர்ரர்ஸ்.ஆஸ் மூலம் பிஜிஎர்ரரை எடுத்தால் கன்ஸ்ட்ரெய்ன்ட்நேம் என்ற புலம்.

ஆகவே டேபிள் உருவாக்கும்போதே ஒவ்வொரு விதிக்கும் நீங்களே பெயர் வையுங்கள். பெயர் வைக்காமல் விட்டால் போஸ்ட்கிரெஸ் தானாக ஒன்றை வைக்கும். டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், கடைசியில் கீ என்று ஒட்டும். டேபிள்களை நிரலின் வகுப்புகளாகக் கையாளும் ஓஆர்எம் கருவி பெயர் வைத்தால் வாலில் புரியாத எழுத்துக் கூட்டமும் தொங்கும். நாளை டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனில் அந்தப் பெயர் மாறினால் நிரல் மௌனமாகத் தவறான கிளைக்குப் போகும். டேட்டாபேஸுக்கும் நிரலுக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்தப் பெயர். அதை ஒரு கருவியின் விருப்பத்துக்கு விடுவது எனக்கு உடன்பாடில்லை. பெயரைச் சுருக்கமாகவும் வையுங்கள். 63 பைட்டுக்கு மேல் போனால் போஸ்ட்கிரெஸ் வெட்டிவிடும், நிரலில் முழுப் பெயரோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

எங்கள் நிரலின் அந்தப் பகுதியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

முயல்:
  முன்பதிவைச் சேர், கமிட் செய் (பதிவை உறுதியாக்கு)
பிழை வந்தால்:
  23505, விதி "கோரிக்கை_யூனிக்" → இருக்கும் முன்பதிவை எடுத்துத் திருப்பு
  23505, விதி "கைபேசி_யூனிக்" → "கணக்கு ஏற்கனவே உள்ளது" என்று சொல்
  23505, விதி "ரசீது_யூனிக்" → புது எண்ணோடு மறுபடி முயல்
  23பி01, விதி "மண்டப_நேரம்" → வேறு தேதிகளைக் காட்டு
  40001 அல்லது 40பி01 → முழு டிரான்ஸாக்‌ஷனையும் மறுபடி ஓட்டு
  மற்ற எதுவானாலும் → பிடிக்காதே, மேலே எறி

கடைசி வரிதான் இந்தப் பட்டியலின் உயிர். தெரியாத பிழையை விழுங்காமல் மேலே விட்டால்தான் அது லாக் ஃபைலிலும் எச்சரிக்கையிலும் தன் முழு விவரத்தோடு வெளியே தெரியும். பிரைமரி கீ இரட்டிப்பும் அந்த வழியில்தான் நம்மிடம் வருகிறது.

தேதி மோதல்: 23பி01

முன்பதிவு மென்பொருளில் முக்கியமான குறியீடு இது. ஒரு மண்டபத்தை முந்தின நாள் மாலை வரவேற்புக்கு 4 மணிக்கு எடுத்து மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து 3 மணிக்கு விடுகிறார்கள். இரண்டு முன்பதிவுகளின் நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. யூனிக் விதியால் இதைச் சொல்ல முடியாது. தொடக்க நேரம் வேறாக இருந்தும் நடுவில் மோதலாம். போஸ்ட்கிரெஸின் எக்ஸ்க்ளூஷன் விதியால் முடியும். மண்டப ஐடி சமமாக இருந்து, நேர வீச்சு ஒன்றோடொன்று படிந்தால் நிராகரி என்று எழுதலாம். பிட்ரீ_ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷனை முதலில் நிறுவ வேண்டும். நேர வீச்சின் தொடக்கம் சேர்ந்தும் முடிவு சேராமலும் இருக்கட்டும்; அப்போதுதான் 3 மணிக்கு ஒருவர் விடுவதும் 3 மணிக்கே அடுத்தவர் எடுப்பதும் மோதாது. ரத்தான முன்பதிவுகளை ஒரு 'வேர்' (WHERE) நிபந்தனையால் விதியிலிருந்து விலக்கிவிடுங்கள்.

"முதலில் செலக்ட் போட்டுக் காலியா என்று பார்த்துவிட்டுச் சேர்த்தால் போதாதா?" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். போதாது. இருவர் ஒரே நேரத்தில் செலக்ட் போட்டால் இருவருக்கும் காலி என்றே தெரியும், இருவரும் சேர்ப்பார்கள். தீர்ப்பைச் சொல்ல வேண்டியது டேட்டாபேஸ். செலக்ட் என்பது காலண்டரில் பச்சையும் சிவப்பும் காட்டுவதற்கு மட்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எக்ஸ்க்ளூஷன் விதியில் வரி முதலில் எழுதப்பட்டு, பிறகுதான் மோதல் பார்க்கப்படுகிறது. இருவர் மிகச் சரியாக ஒரே கணத்தில் சேர்த்தால் இருவரும் எழுதிவிட்டு, மற்றவர் முடிக்கட்டும் என்று ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க நேரலாம். அது டெட்லாக். இயல்பாக ஒரு நொடி காத்திருந்துவிட்டு டேட்டாபேஸ் சோதித்துப் பார்த்து, ஒருவரை 40பி01 கொடுத்து வெளியேற்றும். அந்த ஒருவருக்குத் "தேதி போய்விட்டது" என்று நாம் உடனே சொல்லிவிடக் கூடாது, இன்னும் அது தெரியாது. மறுபடி ஓட்டினால், மற்றவர் கமிட் செய்திருந்தால் 23பி01 வரும். அவர் பணம் கட்டாமல் விலகியிருந்தால் இவருக்கே மண்டபம் கிடைக்கும்.

மறுமுயற்சி

40001 என்பது ஒரே நேரத்தில் ஓடிய டிரான்ஸாக்‌ஷன்கள் ஒன்றையொன்று பாதித்ததால் வருவது, 40பி01 டெட்லாக். இரண்டிலும் டேட்டாபேஸ் நம் வேலையை முழுதாகத் திருப்பிவிட்டது. எனவே மறுமுயற்சியும் முழுதாக இருக்க வேண்டும்: புதிய டிரான்ஸாக்‌ஷன், முதல் செலக்டிலிருந்து. தோற்ற கடைசி வரியை மட்டும் மறுபடி அனுப்புவது, பழைய தகவலை நம்பிப் புதிய முடிவெடுப்பதாகிவிடும். மூன்று முதல் ஐந்து முறை போதும். நடுவில் சில மில்லிநொடி இடைவெளி விடுங்கள், அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் தற்செயலாக மாறட்டும். இல்லாவிட்டால் மோதிய இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து மறுபடி மோதுவார்கள்.

மறுமுயற்சிக்கு உள்ளே எஸ்எம்எஸ் அனுப்பும் வரி இருக்கவே கூடாது. பெண்ணின் அப்பாவுக்கு "மண்டபம் உறுதி" என்று செய்தி போனபின் டிரான்ஸாக்‌ஷன் திரும்பினால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. கமிட் முடிந்தபிறகு அனுப்புங்கள்.

பூட்டுக்காகக் காத்திருந்து லாக்_டைம்அவுட் முடிந்தால் 55பி03 வரும். நோவெயிட் போட்டுப் பூட்டு கிடைக்காவிட்டாலும் அதுவே. இதையும் மறுபடி முயலலாம். 57014 அப்படி அல்ல. ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் முடிந்தாலும் அதே குறியீடு, ஒருவர் கையால் ரத்து செய்தாலும் அதே குறியீடு. மெதுவான க்வெரியை மறுபடி மறுபடி ஓட்டினால் சர்வர் மேலும் திணறும். நான் அதை நேரே எங்கள் எச்சரிக்கைப் பட்டியலுக்கு அனுப்புகிறேன்.

கமிட் நேரத்தில் இணைப்பு அறுந்தால்

இனம் 08 இரண்டு வகைப்படும். குறியீட்டைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது, எந்தக் கட்டத்தில் வந்தது என்றும் பார்க்க வேண்டும். கமிட்டுக்கு முன்னால் இணைப்பு அறுந்தால் எதுவும் பதிவாகவில்லை, தைரியமாக மறுபடி ஓட்டலாம். கமிட்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அறுந்தால், பதிவானதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சேர்த்தால் அட்வான்ஸ் தொகை இரண்டு முறை வரவாகலாம். மேலே சொன்ன கோரிக்கை ஐடி இதற்காகத்தான். புதிய இணைப்பில் அதே ஐடியோடு மறுபடி ஓட்டுங்கள். பதிவாகியிருந்தால் "கோரிக்கை_யூனிக்" விதி தடுக்கும், ஆகவில்லை என்றால் இப்போது பதிவாகும். சேர்க்கும்போது மற்ற விதிகள் முந்திக்கொள்ளலாம் என்பதால், மறுமுயற்சியின் முதல் வரியாக அந்த ஐடி இருக்கிறதா என்று ஒரு செலக்ட் போட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

25பி02-ஐத் துரத்தாதீர்கள்

போஸ்ட்கிரெஸில் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு வரி தோற்றால், ரோல்பேக் செய்யும்வரை, அதாவது செய்ததையெல்லாம் திருப்பும்வரை, அடுத்து வரும் எல்லா வரிகளும் 25பி02 என்றே தோற்கும். லாக் ஃபைலின் கடைசி வரியில் இதைப் பார்த்துவிட்டு இதற்கே தீர்வு தேடுகிறவர்கள் உண்டு. மேலே ஏறிப் பாருங்கள்; அதற்கு முன்னால் ஓர் உண்மையான பிழை இருக்கும், அதை யாரோ பிடித்து விழுங்கியிருப்பார்கள். பிழையை எதிர்பார்த்தே ஒரு வரியை ஓட்ட வேண்டுமென்றால் அதற்கு முன் சேவ்பாயின்ட் வையுங்கள், தோற்றால் அதுவரை மட்டும் திரும்புங்கள். ஜாங்கோவில் அட்டாமிக்குக்குள் இன்னொரு அட்டாமிக் வைத்தால் இதுதான் நடக்கிறது. கைபேசி எண் போன்ற எளிய இடங்களில் எக்ஸப்ஷனே தேவையில்லை, மோதினால் என்ன செய்வது என்று சேர்க்கும் வரியிலேயே சொல்லிவிடும், போஸ்ட்கிரெஸ் 9.5-இல் வந்த ஆன் கான்ஃப்ளிக்ட் போதும்.

இன்னொன்று: விதியை டிஃபர் செய்திருந்தால், அதாவது சோதனையைக் கமிட் வரை தள்ளிவைத்திருந்தால், பிழை சேர்க்கும் வரியில் வராது, கமிட்டில் வரும். கமிட் வரி உங்கள் பிடிப்புக்கு வெளியே இருந்தால் மேலே எழுதிய பட்டியல் முழுதும் வீண்.

வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு

மைஎஸ்க்யூஎல்லில் எஸ்க்யூஎல்ஸ்டேட் அவ்வளவாக உதவாது. இரட்டைப் பதிவு, காலி (நல், NULL) மதிப்பு, ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் விதி) எல்லாவற்றுக்கும் 23000 தான். அங்கே அதன் சொந்த எண்ணைப் பாருங்கள்: 1062 இரட்டைப் பதிவு, 1048 காலி மதிப்பு, 1451 பிள்ளை வரிகள் இருக்கும்போது தாய் வரியை நீக்க முயன்றது, 1452 தாய் வரியே இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முயன்றது. பிஎச்பி மொழியின் டேட்டாபேஸ் இடைமுகமான பிடிஓவில் கெட்கோட் 23000 என்றே சொல்லும். எர்ரர்இன்ஃபோ வரிசையின் இரண்டாவது உறுப்பில்தான் 1062 இருக்கும்.

டெட்லாக் 1213, அதில் முழு டிரான்ஸாக்‌ஷனும் திரும்பிவிடும். பூட்டுக்காகக் காத்து நேரம் முடிந்தால் 1205. அதற்கான இயல்பு நேரம் 50 நொடி. இதில் இயல்பாக அந்த ஒரு வரி மட்டுமே திரும்பும், டிரான்ஸாக்‌ஷன் திறந்தபடியே இருக்கும். இது தெரியாமல் அப்படியே தொடர்ந்து கமிட் செய்தால் பாதி வேலை பதிவாகிவிடும். நீங்களே ரோல்பேக் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இதே 1205 எஸ்க்யூஎல் சர்வரில் டெட்லாக்கைக் குறிக்கும். இரண்டு டேட்டாபேஸையும் தொடும் நிரலில் எண்களை ஒரே பட்டியலில் போட்டுவிடாதீர்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் யூனிக் விதி மீறினால் 2627, யூனிக் இன்டெக்ஸ் மீறினால் 2601. இரண்டையும் பிடிக்க வேண்டும். ஃபாரின் கீ, செக் (மதிப்பின் மேல் வைக்கும் நிபந்தனை) இரண்டுக்கும் 547. எஸ்க்யூலைட்டில் 19 என்பது எல்லா விதி மீறலுக்கும் பொது. விரிவான குறியீட்டில்தான் யூனிக் 2067, பிரைமரி கீ 1555, ஃபாரின் கீ 787 என்று பிரியும். பிஸி என்ற 5 வந்தால் வேறொரு இணைப்பு பூட்டு வைத்திருக்கிறது, காத்திருந்து மறுபடி முயலலாம்.

ஒவ்வொரு கிளையையும் ஓட்டிப் பாருங்கள்

பிழைக் கிளைகளை மாக் (டேட்டாபேஸ்போல் நடிக்கும் போலி) வைத்துச் சோதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாக் எறியும் பிழையில் விதியின் பெயர் நாம் எழுதியதுதான் இருக்கும். டேட்டாபேஸ் உண்மையில் அனுப்பும் பெயர் வேறாக இருந்தால் சோதனை பச்சையாகவே நிற்கும். உண்மையான போஸ்ட்கிரெஸ் ஒன்றை கன்டெய்னரில் எழுப்பி, அதே கைபேசி எண்ணை இரண்டு முறை சேருங்கள், படியும் நேரத்தைச் சேருங்கள். டெட்லாக்குக்கு, போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லின் சாளரம் இரண்டு திறந்து, இரண்டிலும் பிகின் சொல்லி, ஒன்றில் முதல் மண்டபத்தையும் பிறகு இரண்டாவதையும் அப்டேட் செய்யுங்கள், மற்றொன்றில் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். ஒரு நொடியில் 40பி01 கண்முன் வரும். பிஎஸ்க்யூஎல்லில் வெர்பாசிட்டியை வெர்போஸ் என்று மாற்றினால் ஒவ்வொரு பிழையோடும் குறியீடும் விதியின் பெயரும் தெரியும்.

சர்வரில் லாக்_லைன்_பிரீஃபிக்ஸ் அமைப்பில் சதவீதக் குறியோடு சிறிய 'இ' (e) எழுத்தைச் சேர்த்தால் லாக் ஃபைலின் ஒவ்வொரு வரியிலும் எஸ்க்யூஎல்ஸ்டேட் பதிவாகும். வாரம் ஒருமுறை குறியீடு வாரியாக எண்ணிப் பார்க்க அது போதும். அந்த லாக் ஃபைலை யார் யார் பார்க்கிறார்கள் என்பதிலும் கவனம் வையுங்கள். 23505-இன் விவர வரியில் மோதிய மதிப்பு அப்படியே இருக்கும், எங்கள் விஷயத்தில் அது ஒருவரின் கைபேசி எண். அந்த வரியை வாடிக்கையாளரின் திரைக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள்.